வியாழக்கிழமையைப் பற்றி நீ கேட்டதற்கு

தங்கராஜுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. தபால்காரர் கையிலிருந்து வாங்கியதுமே உறையைத் திருப்பி, யாராவது பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்களா என்று பார்த்தேன். மில் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிறது, கை இன்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. உள்ளே படித்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் பழக்கம் என்னோடு முடியப்போவதும் இல்லை என்று. வியாழக்கிழமைதோறும் நீ வேலைக்குக் கிளம்பியதும் நம் மருமகள் எஸ்தர் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போகிறாள், நீ திரும்புவதற்குள் வந்துவிடுகிறாள், கேட்டால் கடைக்குப் போனேன் என்கிறாள், ஆனால் புடவைக் கரையில் செம்மண் இருக்கிறது, கடைத்தெருவில் செம்மண் கிடையாது என்று எழுதியிருக்கிறாய். செம்மண்ணைக் கவனித்ததைப் படித்தபோது ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. பிறகு அந்தக் கடைசி வரியைப் படித்தேன். கூமாப்பட்டிக்குப் போய் அவள் அப்பாவிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்து எழுதுங்கள், உங்களுக்குத்தான் அது கைவந்த கலையாயிற்றே, அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று எழுதியிருந்தாய். போனேனா, விசாரித்தேனா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நீ முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவாய் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன். இந்த ஒரு தடவை அப்பா சொல்வதைக் கேள், வரிசையாகப் படி.

ஐப்பசி மாதத்து ஆற்றுப் பயணங்கள் உனக்கு நன்றாக நினைவிருக்கும். மில்லுக்கு வருஷத்தில் விரல்விட்டு எண்ணும் லீவுதான், அதில் தீபாவளி ஒன்று. தீபாவளி நமக்குப் பண்டிகை இல்லை, ஆனால் லீவு நமக்கும் உண்டு. தெருவெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருக்கும்போது நாம் நாலு பேரும் வண்டி கட்டிக்கொண்டு அய்யனார் கோயில் ஆற்றுக்குப் போவோம். மலையில் நாலு நாள் மழை பிடித்திருக்கும், ஆற்றில் புதுத்தண்ணீர் பாறைக்குப் பாறை தாவிக்கொண்டு வரும். அடுத்த வீட்டுத் தெலுங்குக்காரம்மா ஒரு தட்டு நிறையப் பலகாரம் கொண்டுவந்து வண்டியிலேயே வைத்துவிட்டுப் போவாள். அவர்கள் அரிசெலு என்பார்கள், நாம் அதிரசம் என்போம், நீயும் உன் தங்கை ராஜமும் பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் ஊர் எல்லை தாண்டுவதற்குள் தட்டைக் காலி செய்துவிடுவீர்கள். உன் அம்மா முந்தின நாளே புளிச்சோறு கிளறி, வாழையிலையை வாட்டி, ஆளுக்கொரு பொட்டலமாகக் கட்டி வைத்திருப்பாள். கருப்பட்டிக் காப்பி கூஜாவில் வரும். தண்ணீரில் நீங்கள் விறைத்துப்போய் உதடு நீலம் பாரிக்க ஓடிவந்து அந்தக் காப்பியை ஊதி ஊதிக் குடிப்பீர்கள். உன் அம்மா நனைந்த துணிகளைப் பாறையில் காயப்போட்டுக்கொண்டே ஏதோ ஒரு பாட்டை முணுமுணுப்பாள். ஒரு மனிதனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? நான் அந்தப் பாறையில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியாது. பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர் தன் சோற்றை வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுவார், நாம் நாலு பேர். பொட்டலம் ஐந்து.

என் வேலை அப்படிப்பட்டது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மில் கேட்டில் ஜமேதார். ஷிப்ட் விட்டு வெளியே வருகிற அத்தனை பேரும் என் முன்னால் நின்று தூக்குச்சட்டியைத் திறந்து காட்ட வேண்டும், துண்டை உதற வேண்டும், பெண்கள் முந்தானையை விரித்து உதற வேண்டும். சந்தேகம் வந்த பெண்ணைத் தனியாகக் கூட்டிப் போய்ச் சோதிக்க ஒரு அம்மாள் இருந்தாள். யாரைக் கூட்டிப் போக வேண்டும் என்று கண்ணைக் காட்டுவது நான். வன்னியம்பட்டிக்காரி வெள்ளத்தாய் நூல் சுற்றுகிற ரீலிங்கில் வேலை செய்தாள். உன் அம்மா பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து ஊர் என்பதால், உன் அம்மா சொல்லி, நான் சொல்லி, அவள் வேலைக்குச் சேர்ந்தவள். ஒருநாள் அவள் நடையில் ஒரு மாற்றம் தெரிந்தது. கண்ணைக் காட்டினேன். தூக்குச்சட்டிக்குள் மிச்சச் சோற்றுக்கு அடியில் ஒரு கைப்பிடிக் கழிவுப் பஞ்சு இருந்தது.

"ஜமேதாரய்யா, கழிவுதானய்யா. குப்பையில போறதுதான்" என்றாள்.

"குப்பையில போறது வேற, உன் சட்டியில போறது வேற" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சேர்த்துவிட்டவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதால் மேலதிகாரியிடம் நானே கொண்டுபோய் நிறுத்தினேன். அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டார்கள். அன்று சாப்பிடும்போது இந்தக் கதையை வீட்டில் சொன்னேன், என் பதிலையும் சேர்த்து. உன் அம்மா சிரிக்கவில்லை. "எதுக்காம் எடுத்தா?" என்று கேட்டாள். "அதை நான் ஏன் கேக்கணும்?" என்றேன். அவள் எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

அதற்குப் பிறகு வந்த ஐப்பசியில்தான் ஐந்தாவது பொட்டலத்தை முதலில் பார்த்தேன். ஒன்று கூடுதலாகக் கட்டியிருப்பாள் என்று விட்டுவிட்டேன். ஆனால் திரும்பி வரும்போது மிச்சப் பொட்டலம் வண்டியில் இல்லை. பாத்திரம் கழுவப் போகிறேன் என்று ஆற்றின் மேல்வளைவுப் பக்கம் போனவள் வர நேரமானதும் பிறகு நினைவுக்கு வந்தது. அடுத்த வருஷமும் அப்படியே. அதற்குள் நான் வேறு சிலவற்றையும் சேர்த்து வைத்திருந்தேன். என் பழைய வேட்டி ஒன்று பெட்டியில் இல்லை. மழை பிடித்ததும் உன் அம்மா முகத்தில் ஒரு தெளிவு வருகிறது. இந்த வருஷம் ஆற்றுக்கு வேண்டாம், செண்பகத்தோப்புக்குப் போவோம் என்று நான் வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தபோது, "பிள்ளைய ஆத்தைத்தான கேக்குது" என்று உங்கள்மேல் பழியைப் போட்டாள். நீங்கள் கேட்கவே இல்லை. வேட்டி, பொட்டலம், மேல்வளைவு, முகம். தங்கராஜ், உன் செம்மண் மாதிரி ஒவ்வொன்றும் உண்மை. ஒன்றுகூட நான் கற்பனை செய்ததில்லை. சந்தேகக்காரன் பொய்யான விஷயத்தைப் பிடித்துக்கொண்டு அலைகிறான் என்று ஊரில் சொல்வார்கள், அது தப்பு. அவன் பிடிப்பதெல்லாம் நிஜம்தான். அதை வைத்து அவன் மனசில் கட்டுகிற ஆளைத்தான் உலகத்தில் எங்கும் காண முடியாது. என் வேட்டியைக் கட்டிக்கொண்டு மலையடிவாரத்தில் என் மனைவிக்காகக் காத்திருக்கிற ஒருவனை நான் கட்டினேன். அவனுக்கு மீசைகூட வைத்தேன். ஒரு வருஷம் முழுக்க அவனோடு வாழ்ந்தேன். கிறிஸ்துமஸுக்கு உன் அம்மா புதுப் புடவை கட்டிக்கொண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, யாருக்குக் காட்டுவதற்கு என்று நினைத்தேன். ராஜத்தின் பிறந்தநாள் பாயசத்தை வாயில் வைத்துக்கொண்டே நினைத்தேன். வாய் இனிப்பை உணரவில்லை. அந்த வருஷத்துச் சந்தோஷங்களில் ஒன்றுகூட என் பங்குக்கு வரவில்லை.

யுத்தம் தொடங்கின வருஷம், மூன்றாவது ஐப்பசி. உனக்குப் பதின்மூன்று வயது. உன்னையும் ராஜத்தையும் வண்டிக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, உன் அம்மா போன வழியில் இருபதடி விட்டு நானும் போனேன். வளைவு தாண்டி ஒரு மாந்தோப்பு, உள்ளே காவல் குடிசை. அதன் வாசலில் கயிற்றுக் கட்டிலில் ஒரு ஆள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். எலும்பும் தோலுமாக, மீசையெல்லாம் நரைத்தவன். உன் அம்மா தரையில் உட்கார்ந்து அவன் கணுக்காலில் இருந்த புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் வேட்டி, நாடா நாடாவாகக் கிழித்து மடித்து வைத்திருந்தது. வெந்நீர்ச் சட்டியோடு உள்ளேயிருந்து வந்த பெண் என்னைப் பார்த்ததும் நின்றாள். சட்டியைக் கீழே வைத்தாள். முந்தானையை இரண்டு கையாலும் விரித்து உதறிக் காட்டினாள். வெள்ளத்தாய்தான். பழக்கத்தில் அப்படிச் செய்தாளா, என்னைக் குத்துவதற்குச் செய்தாளா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உன் அம்மா அதைப் பார்த்தாள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

அந்த ஆளுக்கு நான் யாரென்று தெரியவில்லை. "உக்காருங்கய்யா" என்று கட்டிலில் இடம் விட்டான்.

"எங்க வீட்டுக்காரவிய" என்றாள் உன் அம்மா.

"நல்லா இருக்கணும்யா. இந்தம்மா வராட்டா இந்தக் கால் எப்பவோ போயிருக்கும்" என்றான் அவன். ஆறாத புண்ணுக்கு வைத்துக் கட்டத்தான் அவன் மனைவி அந்தக் கைப்பிடிப் பஞ்சை எடுத்திருக்கிறாள். வேலை போன பிறகு இந்தத் தோப்புக் காவலுக்கு வந்திருக்கிறார்கள். எல்லாம் எனக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. புரிந்ததும் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் செய்ததைச் சொல்கிறேன்.

"எத்தனை வருசமா நடக்கு?" என்றேன்.

"மூணு ஐப்பசியா. நடுவுல நாலஞ்சு தரம் நானே நடந்து வந்திருக்கேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பியளா?"

பதில் இல்லாதவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நான் அவர்கள் இரண்டு பேர் முன்னாலும் உன் அம்மாவைப் பார்த்துக் கேட்டேன்: "வேற என்னல்லாம் சொல்லாம வச்சிருக்க?" நான் மனசில் கட்டிய அந்த மீசைக்காரன் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டேன், அதற்குப் பிறகும் கேட்டேன். மூன்று வருஷம் இதை மறைத்தவள் வேறு எதையெல்லாம் மறைத்திருப்பாள் என்று உள்ளே ஒருவன் கேட்டுக்கொண்டே இருந்தான், அவனை என் வாயால் பேசவிட்டேன். உன் அம்மா கட்டுப்போட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். எனக்கு முன்னால் வண்டிக்கு நடந்தாள். ராஜம் அதிரசம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது உன் அம்மா வாசற்படியில் நின்றாள். வேதபுத்தகப் பையை என் பக்கம் திறந்து காட்டினாள். முந்தானையை விரித்து உதறினாள். பிறகு தெருவில் இறங்கி நடந்தாள். முகத்தில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. மில்லில் பெண்கள் எப்படிச் செய்வார்களோ அப்படிச் செய்தாள். நான் முதலில் அதட்டினேன், பிறகு கெஞ்சினேன், பிறகு பழகிவிட்டேன். நாலு வருஷம், தங்கராஜ். கடைக்குப் போனாலும், ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் அண்ணன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று போனாலும், உதறிக் காட்டாமல் அவள் படி இறங்கவில்லை. ராஜம் சின்னவள், அது ஏதோ விளையாட்டு என்று நினைத்துத் தன் பாவாடையையும் உதறிவிட்டு ஓடுவாள். நீ உதறவில்லை. நீ தூணைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பாய். இவள் என்ன செய்தாள் என்று யோசித்திருப்பாய். ஒரு பெண் வெளியே கிளம்பினால் அவளிடம் பார்க்க ஏதோ இருக்கிறது என்பதை நீ அந்த வாசலில்தான் கற்றிருக்க வேண்டும். நான் ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. அப்படியும் கற்றுக்கொண்டுவிட்டாய்.

ஆற்றுக்குப் போவதும் நின்றது. வெள்ளத்தாயைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி மில்லில் இரண்டு தடவை கேட்டேன், முடியாது என்றுவிட்டார்கள். அதைச் செய்துவிட்டதால் என் பங்கு தீர்ந்தது என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ மதுரைக்குப் படிக்கப் போன வருஷம் அறுப்பின் பண்டிகை வந்தது. நம் கொல்லையில் காய்த்த பூசணியைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கூடையில் வைத்து மேலே துணி போட்டுக்கொண்டு உன் அம்மா கிளம்பினாள். அவளோடு சேர்ந்து போகச் சபை ஐயரின் மனைவி ஐயரம்மா வாசலுக்கே வந்து நின்றாள், அதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. உன் அம்மா வழக்கம்போலக் கூடைத் துணியை விலக்கிக் காட்டி, முந்தானையை உதறினாள். ஐயரம்மா, "என்னக்கா, எறும்பா?" என்று கேட்டாள். உன் அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். நாலு வருஷத்துக்கும் சேர்த்து என்னை ஊர் முன்னால் நிறுத்த அந்த ஒரு நொடி போதும். "ஆமாட்டி, கொல்லையெல்லாம் எறும்பு. பூசணியோட வந்திருக்கு" என்றாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள்.

நான் அன்றைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. அந்த மாந்தோப்புக்காகச் சொன்னதைத் தவிர்த்தால், உன் அம்மா எனக்குத் தெரிந்து சொன்ன பொய் அது ஒன்றுதான். பொய்யைக் கண்டுபிடிப்பதே பிழைப்பாக இருந்தவனுக்கு, ஒரு பொய் யாருக்காகச் சொல்லப்படுகிறது என்று பார்க்க நாலு வருஷம் ஆயிற்று. மாந்தோப்பையும் அவள் என்னிடமிருந்து மறைத்தது இதே மாதிரிதான் என்று தோன்றியது. நான் எப்படிப்பட்டவன் என்பது எனக்கே தெரியாமல் இருக்கட்டும் என்று மறைத்திருக்கிறாள். மறுநாள் காலை மில்லுக்குக் கிளம்பும்போது நான் வாசற்படியில் நின்றேன். சட்டைப் பையில் இருந்ததையெல்லாம் எடுத்து அவள் கண்ணில் படும்படி படியில் வைத்தேன், துண்டை உதறினேன். அவள் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படி ஐந்தாறு நாள் செய்தேன். ஒருநாள், "போதும், உதறுனது. மில்லுல சங்கு ஊதிருவான், கெளம்புங்க" என்றாள். அந்த வாரத்திலிருந்து அவளும் உதறவில்லை. இதை மன்னிப்பு என்று நீ எழுதிக்கொள்ளாதே. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் பயப்படுகிறேன்.

அடுத்த ஐப்பசியில் ராஜத்தை அடுத்த வீட்டம்மாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் ஆற்றுக்குப் போனோம். பொட்டலம் மூன்று இருந்தது. எண்ணாமல் இருக்க முடியவில்லை. மூன்றாவதை நான் எடுத்துக்கொண்டு, நானும் வரட்டுமா என்று கேட்டேன். வாங்க என்றாள். வெள்ளத்தாயின் வீட்டுக்காரர் அந்தக் கோடையில் இறந்துபோயிருந்தார். அவள் தோப்பில் சருகு கூட்டிக்கொண்டிருந்தாள். பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கிக் கட்டிலில் வைத்துவிட்டு மறுபடி கூட்ட ஆரம்பித்தாள். உன் அம்மாவோடு மட்டும் பேசினாள். அது அவள் உரிமை. திரும்பும்போது தூறல் விழுந்தது, ஒரே துண்டை இரண்டு பேர் தலைக்கும் பிடித்துக்கொண்டு நடந்தோம். காப்பி ஆறிப்போயிருந்தது. எனக்கு அன்றைக்கு அது அம்புட்டு ருசியாக இருந்தது.

இனி கூமாப்பட்டிக்கு வருகிறேன். போனேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றாய், சட்டையை மாட்டும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "சம்மந்தியைச் சும்மா பாத்துட்டு வாரேன்" என்றேன். "சும்மா பாக்கப் போறவியளுக்குப் பையில தம்பி கடுதாசி எதுக்கு?" என்றாள். கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன். படித்து முடித்துவிட்டு மடித்து என் பையிலேயே திரும்ப வைத்தாள். "போறதுன்னா போயிட்டு வாங்க" என்றாள். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற கரி பஸ் ஏறி, வழியில் இரண்டு தடவை இறங்கித் தள்ளி, மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். சம்மந்தி வயலிலிருந்து சேற்றுக்காலோடு ஓடிவந்தார். கோழி அடித்தார்கள். எதற்கு இவ்வளவு உபசாரம், மகளைப் பற்றி ஏதாவது தெரிந்து பயப்படுகிறாரோ என்று உள்ளே அந்தப் பழைய ஆள் எழுந்து உட்கார்ந்தான். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது, "எம் பிள்ளை அங்க சந்தோசமா இருக்காளா சம்மந்தி?" என்று அவரே கேட்டார். பேச்சு வாசல் வரை தானே வந்து நின்றது. ஒரு வார்த்தை போதும், உன் வியாழக்கிழமையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் வெளியே வந்திருக்கும். அந்த வித்தை எனக்கு மறக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். இன்றைக்கு நான் கேட்டுவிட்டால் நாளை முதல் அவரும் தன் மகளைப் பார்க்கிற விதம் மாறிவிடும் என்று தெரிந்தது. "நல்லா இருக்கா. எங்க வீட்டுக்கு வந்தது எங்க அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பினேன்.

ஆகவே உனக்கு எழுத என்னிடம் தகவல் ஒன்றும் இல்லை. எஸ்தர் எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியாது. அவள் எதையும் மறைக்கவில்லை என்றும் நான் சொல்லமாட்டேன், மறைக்கிறாள், செம்மண் பொய் சொல்லாது. நல்லதாகவும் இருக்கலாம், நீ தாங்க வேண்டியதாகவும் இருக்கலாம். அவள் பின்னால் இருபதடி விட்டு நடந்து போகாதே. எங்கே போனாய் என்றும் கேட்காதே, அது கேட்டில் நிற்கிறவன் கேள்வி. ஒரு வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, நானும் வரட்டுமா என்று கேள். வேண்டாம் என்றால் அன்றைக்கு வீட்டில் இரு, அவள் வரும்போது காப்பி போட்டு வை. அடுத்த வியாழக்கிழமை மறுபடி கேள். எனக்கு இதைக் கேட்க ஏழு ஐப்பசி ஆயிற்று.

இதுவரை எழுதியதை உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். எறும்பு விஷயத்தில் மட்டும், "அதையெல்லாமா எழுதுறது" என்றாள், ஆனால் அந்த வரியை அடிக்கச் சொல்லவில்லை. கீழே தானும் கொஞ்சம் எழுத வேண்டுமாம். உனக்கா, எஸ்தருக்கா என்று கேட்டேன். "நீங்க செத்த நேரம் அப்படித் தெருவுல நடந்துட்டு வாங்க. நானே ஒட்டி, நானே தபால்ல போட்டுக்கிடுதேன்" என்கிறாள். என்ன எழுதப்போகிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசையாக இருக்கிறது. பேனாவை அவளிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

அப்பா